படம் இருக்கிறது, பார்ப்பவர் எங்கே?

தமிழ்நாட்டின் பெரிய ஊர்களிலெல்லாம் இன்று எம்.ஆர்.ஐ. யந்திரங்கள் வந்துவிட்டன. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு யந்திரம் நிறுவப்பெறும் நாள் ஊருக்கே ஒரு திருநாளாக இருக்கிறது. மந்திரி வருகிறார், நாடா வெட்டுகிறார், யந்திரத்தின் விலை இத்தனை கோடி ரூபாய் என்று மேடையில் சொல்லுகிறார், ஜனங்கள் கரகோஷம் செய்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் நாமும் கலந்துகொள்ளுகிறோம். பணக்காரன் பிள்ளைக்குக் கிடைக்கும் பரீட்சை ஏழையின் பிள்ளைக்கும் கிடைப்பது நன்மையே. ஆனால் கரகோஷம் அடங்கிய பின்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யந்திரம் படம் எடுத்துக் கொடுக்கும்; அந்தப் படத்தைப் பார்த்துப் பொருள் சொல்லுபவர் யார்?

எலும்பு முறிவையும் நுரையீரலில் கட்டிய சளியையும் காட்டும் படத்தை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எவரும் ஒருவாறு படித்துவிடுவர். தினந்தோறும் பத்துப் படம் பார்த்த கண்ணுக்குப் பதினோராவது படம் கடினமன்று. அபூர்வ வியாதிகளின் சங்கதி வேறு. லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் வியாதியை ஒரு வைத்தியர் தம் ஆயுளில் ஒரு முறை காண்பதே அரிது. முன்பின் கண்டிராததைக் கண் எவ்வாறு அறியும்? ஆகவே, நல்ல யந்திரமும் நல்ல வைத்தியரும் இருந்தும், படம் கையில் இருந்தும், குழந்தையின் வியாதிக்குப் பெயர் கிடைக்காமல் போகிறது. பெற்றோர் அந்தப் படத்தை ஒரு பையில் இட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள். வருஷங்கள் கழிகின்றன. குழந்தையின் மூளையோ வருஷக்கணக்கில் காத்திருப்பதில்லை.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. அதைக் கண்டு காட்டியவர்களின் வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்யோ வான் டர் க்னாப் என்னும் குழந்தை நரம்பு வைத்தியப் பேராசிரியை ஒருவர் உண்டு. பெயர் தெரியாத வியாதியால் வருந்திய குழந்தைகளின் மூளைப் படங்களை அவர் சேகரிக்கத் தொடங்கினார். தம் தேசத்துப் படங்கள் மாத்திரமின்றி, பிற தேசத்து வைத்தியர்கள் பொருள் விளங்காமல் அனுப்பிய படங்களையும் அவர் பெற்றுக்கொண்டார். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் ஒன்றும் புலப்படாது. நூறு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஐந்தாறு படங்கள் ஒரே சாயலில் இருப்பது தெரியும். அவ்வாறு ஒரே சாயலுள்ள எட்டுக் குழந்தைகளின் வரலாற்றை அவரும் அவருடைய சகாக்களும் 1995ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். மூளையின் வெண்பகுதி வீங்கி, அதனுள் நீர்க்குமிழிகள் தோன்றி, தலை பெருக்கும் வியாதி அது. எம்.எல்.சி. என்றும் வான் டர் க்னாப் வியாதி என்றும் இப்பொழுது வழங்குகிறது. 1997ல் வெண்பகுதி மெல்ல மறைந்துபோகும் மற்றொரு வியாதியையும், 2003ல் மூளைத் தண்டையும் முதுகுத் தண்டையும் பற்றும் வேறொரு வியாதியையும் அந்த ஆராய்ச்சிக் கூட்டத்தார் இதே வழியில் பிரித்தறிந்தனர். முதலில் வந்தது படம். அதற்குக் காரணமான பரம்பரைக் கூறு பின்னரே அகப்பட்டது. எம்.எல்.சி.க்குரிய கூறு கண்டறியப்பட்டது 2001ஆம் வருஷத்தில்.

இதே வியாதியை அதே காலத்தில் நமது தேசத்தவர் ஒருவரும் கண்டிருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மும்பையில் டாக்டர் பீம்சேன் சிங்கலும் அவருடைய சகாக்களும், அகர்வால் சமூகத்துக் குழந்தைகள் பலரிடம் பெருத்த தலையும் தள்ளாடும் நடையும் ஒரே மாதிரியான மூளைப் படமும் இருப்பதைக் கவனித்தனர். அதைப் பற்றி அவர்கள் 1996ல் ஒரு சஞ்சிகையில் எழுதினர். அச்சமூகத்துக் குழந்தைகளிடம் பொதுவாகக் காணும் பரம்பரைப் பிழை இன்னது என்பதும் 2004ல் நிச்சயமாயிற்று. இன்று அச்சமூகத்துப் பெற்றோர் வியாதியின் பெயரை ஒரு ரத்தப் பரீட்சையால் உறுதிசெய்துகொள்ளலாம். ஊன்றிப் பார்க்கும் கண்ணும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையும் ஒரு தேசத்தாருக்கே உரியன அல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. நம்மிடம் இல்லாதது புத்தியன்று, ஏற்பாடு.

ஏற்பாடு இல்லாமையால் நாம் இழப்பது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஹாலந்தின் ஜனத்தொகை இரண்டு கோடிக்கும் குறைவு. நமது தேசத்தில் ஒரு வருஷத்தில் பிறக்கும் குழந்தைகளே இரண்டு கோடிக்கு மேல். லட்சத்துக்கு ஒன்று என்னும் அபூர்வ வியாதி அங்கே வருஷத்தில் ஓரிரு குழந்தைகளுக்கு வரும். இங்கே இருநூறு குழந்தைகளுக்கு வரும். ஆகையால் அபூர்வம் என்னும் சொல்லே நம் விஷயத்தில் பாதி பொய். ஓர் ஊரில் அபூர்வமாயிருப்பது தேசத்தில் ஏராளமாயிருக்கிறது. அந்த இருநூறு படங்களும் இருநூறு ஊர்களில் சிதறிக் கிடப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. படத்துக்குப் பஞ்சமுள்ள தேசம் படத்தைச் சேர்த்து அறிவை வளர்த்தது. படம் குவிந்து கிடக்கும் தேசம் அதை அலமாரியிலும் பரணிலும் போட்டு மக்கவிடுகிறது.

சிலர் கேட்கலாம்: "இவ்வியாதிகளுக்கு மருந்தே இல்லையே, பெயர் தெரிந்து என்ன பயன்? வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் குழந்தைகள் இறக்கும் தேசத்தில் இந்த ஆராய்ச்சியெல்லாம் ஆடம்பரமன்றோ?" இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. நல்லெண்ணத்துடன் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மருந்தே இல்லை என்னும் முதல் வாக்கியம் உண்மையன்று.

ஓர் உதாரணம் கூறுவோம். நன்றாய் ஓடியாடிய ஆறு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. சில தினங்களில் பேச்சுக் குழறுகிறது, நடை தடுமாறுகிறது, வலிப்புக் கண்டு நினைவு மங்குகிறது. மூளைக் காய்ச்சல் என்றே எவரும் எண்ணுவர். எம்.ஆர்.ஐ. படத்திலோ மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் இரண்டு முடிச்சுகள் இருபுறமும் ஒரே அளவாய்ப் பாதிக்கப்பட்டுத் தெரிகின்றன. பழகிய கண்ணுக்கு அந்தச் சாயல் ஒரு சந்தேகத்தை எழுப்பும். பழகாத கண்ணுக்கு அது மூளைக் காய்ச்சலின் வடுவாகவே தோன்றும். 1998ல் ஸவூதி அரேபியக் குழந்தைகளிடம் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்த வியாதிக்கு மருந்து பயோட்டின், தயமின் என்னும் இரண்டு வைட்டமின்கள். கோடி ரூபாய் மருந்தன்று. கடையில் விற்கும் வைட்டமின். சந்தேகம் தோன்றிய அன்றே கொடுத்தால் குழந்தை எழுந்து நடக்கக்கூடும். ஆயுள் முழுதும் கொடுத்து வந்தால் நலமாயிருக்கக்கூடும். கொடாவிட்டால் மரணம், அல்லது மரணத்துக்கு ஒப்பான ஜீவனம். இங்கே சிறு விலை வைட்டமினுக்கும் குழந்தையின் உயிருக்கும் நடுவில் நிற்பது படத்தைப் படிக்கும் ஒரு மனிதனின் பயிற்சியே.

வேறோர் உதாரணம், அட்ரினோலூகோடிஸ்ட்ரோபி என்னும் வியாதி. இது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பற்றுவது. 2021ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வெளியிட்ட அபூர்வ வியாதிகள் பற்றிய தேசியக் கொள்கை, ஒரே முறை செய்யும் சிகிச்சையால் குணமாகக்கூடிய வியாதிகளின் வரிசையில் இதைச் சேர்த்திருக்கிறது. ஆயினும், நரம்புக் கோளாறுகள் வெளிப்படையாகத் தோன்றுமுன் உள்ள ஆரம்ப நிலையில்தான் என்று நிபந்தனையும் விதித்திருக்கிறது. நிபந்தனை நியாயமானதே, பிந்திச் செய்யும் சிகிச்சையால் பயனில்லை. ஆனால் பையன் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருக்கையில், கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத காலத்தில், ஆரம்ப நிலையை எவ்வாறு அறிவது? படத்தைக் கொண்டுதான் அறியவேண்டும். கொள்கையின்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி செய்யச் சர்க்கார் 2022ல் இசைந்தது. படத்தைப் படிப்பவரை நியமியாமல் பணத்தை மாத்திரம் ஒதுக்குவது, வாசலைப் பூட்டிவிட்டு விருந்துக்கு அழைப்பதைப் போன்றது.

இனி, மருந்தே இல்லாத வியாதிகளைப் பார்ப்போம். வெண்பகுதி மறைந்துபோகும் வியாதியில் ஒரு காய்ச்சலோ, தலையில் படும் சிறு அடியோ குழந்தையைத் திடீரென்று படுக்கையில் தள்ளிவிடும். வியாதியின் பெயரை அறிந்த தாய் காய்ச்சலின் முதல் உஷ்ணத்திலேயே விழித்துக்கொள்ளுவாள், விழாமல் காப்பாள். அறியாத தாய்க்கு அந்த அவகாசம் இல்லை. மேலும், நாம் கூறிய வியாதிகளில் பெரும்பாலானவை தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் கூறு சேர்வதால் வருபவை. அத்தகைய தம்பதிகளுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. உறவுக்குள் மணம் செய்யும் வழக்கமுள்ள இடத்தில் இவை மிகுதியாகத் தோன்றும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு விவாகங்களில் நூற்றுக்குச் சுமார் 28 உறவுக்குள் நடந்தவை. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். அதை ஏசுவது நமது நோக்கமன்று. ஆனால் முதற்குழந்தையின் வியாதிக்குப் பெயர் தெரிந்தால், இரண்டாம் குழந்தையைப் பற்றி அந்தத் தம்பதிகள் அறிந்து தீர்மானிக்கலாம். தெரியாவிட்டால், விதி என்றும் சாபம் என்றும் பெண்ணின் மேல் பழி விழுகிறது. இந்தப் பழி எத்தனை வீடுகளைப் பாழாக்கியிருக்கிறது என்பதைக் கிராமங்களில் ஊழியம் செய்யும் நண்பர்கள் நம்மைவிட நன்றாய் அறிவார்கள்.

நாம் வைத்தியரல்லோம், சாட்சியத்தைச் சீர்தூக்கும் தொழிலில் பயின்றவர். அந்த முறையில் ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். படம் ஒரு சாட்சி, அதுவே தீர்ப்பாகாது. நியூயார்க்கில் ஜான் கேஃபி என்னும் எக்ஸ்ரே நிபுணர் 1946ல் ஆறு சிசுக்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. கை கால் எலும்புகளில் முறிவுகள் இருந்தன. அடிபட்டதாக எவரும் கூறவில்லை. வீட்டிலேயே குழந்தைகள் கொடுமை செய்யப்படுகின்றனர் என்னும் உண்மையை உலகம் ஒப்புக்கொள்ள அந்தப் படங்கள் வழிகோலின. பேச வாயில்லாத சிசுவுக்கு எக்ஸ்ரே வாயாக அமைந்தது. ஆனால் குளூட்டாரிக் அசிடூரியா என்னும் வியாதியின் முதல் வகையிலும் மண்டைக்குள் ரத்தம் தேங்குவதுண்டு. அதை அறியாமல், குற்றமற்ற பெற்றோர் குழந்தையை அடித்தார்கள் என்று சந்தேகிக்கப்பட்டதும் உண்டு. நெற்றி, பொட்டுப் பக்கங்களில் மூளைக்கும் மண்டைக்கும் இடையே அகன்று கிடக்கும் வெளியைப் படத்தில் கவனிப்பவர், சிறுநீரைப் பரீட்சை செய்யச் சொல்லுவார், வியாதி வெளிப்படும். காய்ச்சல் வருமுன் அறிந்தால் உணவுக் கட்டுப்பாட்டாலும், கார்னிடைன் என்னும் மருந்தாலும், காய்ச்சல் நாளில் உடனே ஏற்றும் குளூக்கோஸாலும் குழந்தையின் மூளையைக் காக்கலாம். கவனியாதவரோ போலீஸாருக்கு எழுதுவார். ஒரே படம், படிப்பவரைப் பொறுத்து ஒரு குடும்பம் பிழைக்கிறது, அல்லது அழிகிறது.

நாம் முதலில் கூறிய எம்.எல்.சி. வியாதியோ இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கிறது. அந்தப் படத்தை மாத்திரம் பார்ப்பவர் இக்குழந்தை எழுந்து நடவாது என்றே நினைப்பார். குழந்தையோ நடந்து வந்து பெயர் சொல்லி நிற்கும். நடை மெல்ல மெல்லத் தளருமாயினும், புத்தி நெடுங்காலம் தெளிவாயிருக்கும். படத்தின் பயங்கரத்துக்கும் குழந்தையின் நிலைக்கும் பொருத்தமில்லாமையே அவ்வியாதியின் அடையாளம். ஆகையால் படத்தைப் படிப்பவர் குழந்தையையும் பார்க்கவேண்டும். குறைந்தபட்சம், குழந்தையைப் பார்த்த வைத்தியரோடு பேசவேண்டும். ஆயிரம் மைலுக்கப்பாலிருந்து இரண்டு வரி எழுதி அனுப்புவது படிப்பாகாது.

குழந்தைகளின் படத்தில் வேறு சில விசேஷங்களும் உண்டு. பிறந்த சிசுவின் மூளை வளர்ந்த மனிதனின் மூளையின் சிறிய பிரதி அன்று. நரம்பிழைகளின் மேல் கொழுப்புறை படிவது முதலிரண்டு வருஷங்களில் மாதத்துக்கு மாதம் முன்னேறுகிறது. ஆறு மாதத்தில் இயல்பாயுள்ள படம் மூன்று வயதில் வியாதியைக் காட்டுவதாகும். பெரியவர்களின் படங்களையே பார்த்துப் பழகியவர் இங்கே இரு திசையிலும் தவறக்கூடும். ஸி.டி. என்னும் யந்திரம் எக்ஸ்ரே கதிரைக் கொண்டு படமெடுப்பது. சிறு வயதில் கதிரின் அளவு கூடக் கூட ரத்தப் புற்றும் மூளைக் கட்டியும் வரும் அபாயம் கூடுகிறது என்று பிரிட்டனில் 2012ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. தனியொரு குழந்தைக்கு அந்த அபாயம் மிகச் சிறிது என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. எனவே அஞ்சி ஓடவும் வேண்டாம். அவசியமின்றி எடுக்கவும் வேண்டாம். எம்.ஆர்.ஐ.யில் அக்கதிர் இல்லை. ஆனால் குழந்தை நெடுநேரம் அசையாமல் கிடக்கவேண்டும். சிறு குழந்தையை மயக்கியே எடுக்கவேண்டியிருக்கும். முதற்படத்தைச் சரியாய்ப் படியாமையால் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் ஒரு சிசுவை மயக்குவது அநியாயம்.

நாம் கோருவது யாதெனில், முதலாவது, குழந்தைகளின் படங்களைப் படிப்பதில் தனிப் பயிற்சி பெற்றவர்களை வைத்தியக் கல்லூரிகளில் நியமிக்கவேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒருவர் இன்று சாத்தியமில்லை என்றால், தந்தி வேகத்தில் படம் செல்லும் இக்காலத்தில், சிலரைக் கொண்டு ராஜ்யம் முழுதுக்கும் வேலை செய்விக்கலாம். இரண்டாவது, பெயர் தெரியாத குழந்தைகளின் படங்களை அசல் வடிவிலேயே, வயதும் அறிகுறிகளும் குறித்து, ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும். மூன்றாவது, படத்தில் எழும் சந்தேகத்தை நிச்சயிக்கும் ரத்த, சிறுநீர், பரம்பரைக் கூற்றுப் பரீட்சைகள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கவேண்டும். படத்தோடு நின்றுவிடும் வைத்தியம் பாதி வழியில் இறக்கிவிடும் வண்டியைப் போன்றது.

களஞ்சியம் என்றதும் குடும்ப ரகசியம் வெளிப்படுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் சரியானது, பரிகாரமும் உண்டு. பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டால் படத்தின் பயன் குறைவதில்லை. குழந்தையைப் பற்றிய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் அவசியம் என்று 2023ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சம்மதத்தை மரியாதையாகக் கேட்டால் பெற்றோர் மறுக்கமாட்டார்கள் என்பது நமது நம்பிக்கை. தன் பிள்ளை பட்ட துன்பம் பிறர் பிள்ளைக்கு வழிகாட்டும் என்றால் எந்தத் தாய் மறுப்பாள்?

பொது ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் ஊரில் யந்திரத் திறப்பு விழா நடக்கும்பொழுது, மாலையோடு ஒரு விண்ணப்பத்தையும் கொண்டுபோங்கள். குழந்தைகளின் படத்தைப் படிப்பவர் யார், எத்தனை நாளில் படிப்பார், படித்த படம் எங்கே சேமிக்கப்படும் என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். பதில் வருமளவும் கேளுங்கள். சட்டசபையிலும் நகர சபையிலும் இருப்பவர்கள் அங்கேயும் கேட்கலாம். யந்திரத்தின் விலையைச் சொன்ன மேடையில் அதைப் படிப்பவரின் பெயரையும் சொல்லும் நாள் வரவேண்டும். பையில் படத்தோடு அலையும் பெற்றோர் பேருந்து நிலையத்தில் நம் பக்கத்திலேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் படத்தில் விடை ஒருவேளை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் ஒரு குழந்தையை இழப்பது வறுமையால் வந்த நஷ்டமன்று. நமது அசிரத்தையால் வந்த நஷ்டம்.